நகரியில் தூங்கிய பெட்டி, கொழிஞ்சாம்பாறையில் வெந்த கஞ்சி: சூரிய அடுப்பு எங்கே எடுபடும்?

சூரிய அடுப்புக்கு உலகிலேயே ஏற்ற இடம் எது என்று கேட்டால், எல்லோரும் முதலில் வெயில் வரைபடத்தைத்தான் விரிப்பார்கள். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 7 யூனிட்டுக்கு (கிலோவாட்-மணி) மேல் வெயில் இறங்குகிறது. ஜெர்மனியில் ஆண்டுச் சராசரி 3 யூனிட் தேறினால் பெரிது. நம் சித்தூர், திருப்பதிப் பக்கம் 5 முதல் 5.5 யூனிட். பாலக்காட்டுக் கணவாயும் அதற்கு ரொம்பப் பின்னால் இல்லை. இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் நம் எல்லையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கே உட்கார்ந்திருக்கிறது? 1980களின் தொடக்கத்திலிருந்து மத்திய அரசு மானியம் கொடுத்துப் பரப்பியதில் நாடு முழுக்க 5 லட்சத்துக்கு மேல் பெட்டி அடுப்புகள் விற்றன. எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த ஆய்வு இரண்டு வீடுகளைப் பற்றியது. ஒன்று ஆந்திர எல்லையில், நகரியில் இருக்கும் என் அக்கா வீடு. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் ஊர். மற்றது கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் என் அத்தை வீடு. ஆந்திரச் சித்தூர் வேறு, இந்தச் சித்தூர் வேறு. எங்கள் குடும்பத்தில் இந்தக் குழப்பத்தால் தவறான பஸ் ஏறியவர்களும் உண்டு.

இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி அடுப்பு. இரட்டைக் கண்ணாடி மூடி, அதன்மேல் வெயிலை உள்ளே திருப்பிவிட ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, உள்ளே கறுப்படித்த அலுமினியத் தட்டு, மூடியோடு நாலு கறுப்புப் பாத்திரம். வெயில் கணக்குப்படி நகரி ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்தது கொழிஞ்சாம்பாறை. ஏன் என்று பார்ப்பதற்குள், உலகில் எங்கே இது எடுபடும் என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிட்டது.

பெட்டியின் பலம் எவ்வளவு?

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதி ஏமாற்றம். பெட்டியின் வாய் ஏறத்தாழ அரை மீட்டருக்கு அரை மீட்டர், அதாவது கால் சதுர மீட்டர். நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு 700 வாட் என்று வைத்தால் உள்ளே போவது 175 வாட். கண்ணாடியிலும் பக்கச் சுவர்களிலும் கசிந்தது போகப் பாத்திரத்தில் சேர்வது 50 வாட் சொச்சம். அரை கிலோ அரிசியும் ஒரு லிட்டர் தண்ணீரும் 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர சுமார் 350 கிலோஜூல் வேண்டும். வகுத்தால் இரண்டு மணி நேரம் வருகிறது. பெட்டியோடு பழகியவர்களும் சாதத்துக்கு இரண்டு மணி என்றுதான் சொல்வார்கள். வெயில் திருப்பும் கண்ணாடியைச் சரியாகச் சாய்த்தால் கொஞ்சம் முன்னே வரும், மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் பின்னே போகும்.

உள்ளே 100 முதல் 140 டிகிரி வரை ஏறும். ஆக, வேகும், ஆனால் வதங்காது, தாளிக்காது, தோசை வராது. ராகிக் களி கிண்டுவது நடக்காத காரியம். கிண்டக் கிண்டச் சூடு வெளியே ஓடிவிடும். பருப்பு, சாதம், பூசணி, பீட்ரூட், உருளைக்கிழங்கு, ஆட்டுக்கறி எல்லாம் அழகாக வரும். தண்ணீர் விடாமலே முட்டை வேகும். வேர்க்கடலை வறுபட்டு வருவது தனி ருசி. அடிப்பிடிப்பது கிடையாது, பக்கத்தில் நிற்க வேண்டியதும் கிடையாது. இந்தக் கடைசி விஷயம்தான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

எப்போது சமைக்கலாம் என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் சமைக்கலாம். சூரியன் 45 டிகிரிக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். நகரி இருக்கும் 13 டிகிரி அட்சரேகையில் இந்த நேரம் மார்ச்சில் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் மூன்று மணி வரை. டிசம்பரில் சுருங்கிப் பத்தேகாலிலிருந்து ஒன்றே முக்கால் வரை. வருஷத்தில் எந்த நாளானாலும், மேகம் இல்லாவிட்டால், உச்சிப் பொழுதில் சமையல் உண்டு. இது எவ்வளவு பெரிய வசதி என்பது லாசா நகரத்தை நினைத்தால் தெரியும். திபெத்தில் அப்படி ஒரு வெயில். ஆனால் டிசம்பரில் நடுப்பகலிலும் சூரியன் 37 டிகிரிக்கு மேல் ஏறாது. படுக்கை வாக்கில் கிடக்கும் நம் பெட்டி அங்கே தூங்கிவிடும். அதனால்தான் அங்கே சூரியன் பக்கம் சாய்த்து வைக்கும் குழிந்த தட்டு அடுப்புகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

நகரி வீடு

அக்கா வேலைக்குப் போகிறாள். கம்பெனி வேன் காலை ஏழேகாலுக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். மாமா விசைத்தறிக் கூடத்துக்கு, பையன் பள்ளிக்கூடத்துக்கு. எட்டு மணிக்கு வீட்டில் பூட்டு தொங்கும். மூன்று டிபன் கேரியரும் அதற்கு முன்பே நிரம்பியிருக்க வேண்டும்.

மொட்டைமாடி அருமையான இடம். சுற்றிலும் மறைப்பே இல்லை, காலை முதல் மாலை வரை வெயில் அடிக்கும். பெட்டி வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் கறி வைத்தார்கள். கறி நன்றாகத்தான் இருந்தது, மாமாவே ஒத்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள். மசாலா வதக்கும் வாசனை பதினொரு மணிக்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாள். அந்த நாளில் போய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காருவானேன்? ஓரிரு மாதத்தில் அது வேர்க்கடலை வறுக்கவும், அப்புறம் வத்தல் போட்டு வைக்கவும் ஆகிப்போனது.

நான் விடாமல் கேட்டபோது அக்கா சொன்னது: "தம்பி, காலைல ஏழு மணிக்கு எனக்குச் சோறு வேணும். உன் பொட்டி ஒம்பது மணிக்கு மேலதான் கண்ணு தொறக்குது. நாங்க ரெண்டு பேரும் எப்படிடா ஒத்துப்போறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் நாள் மதியம் வெந்ததை மறுநாள் காலைக்கு எடுத்து வைக்கலாம் என்றால் நடுவில் நகரியின் கோடை இருக்கிறது. சோறு புளித்து நிற்கும். காலையில் பாத்திரத்தை வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் மாலை ஆறு மணிக்குச் சோறு இருக்கும். ஆனால் சூரியன் நகர நகரப் பெட்டியைத் திருப்ப ஆள் இல்லை, சாயங்காலத்துக்குள் ஆறியும் போயிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு.

வெயிலில் குறை இல்லை, பெட்டியில் குறை இல்லை, அக்காவுக்குச் சோம்பலும் இல்லை. அந்த வீட்டின் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான்.

இதோடு இன்னொன்று. ஆந்திராவில் 1999லேயே தீபம் திட்டம் வந்து, மகளிர் குழுப் பெண்களுக்குக் காஸ் இணைப்புக் கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா. 2024 தீபாவளியை ஒட்டித் தீபம் 2.0 என்று ஆண்டுக்கு மூன்று சிலிண்டர் இலவசம். பெட்டி அடுப்பை விற்றவர்கள் பல வருஷமாகச் சொல்லிவந்த லாபம் என்ன? ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு மூன்று, நான்கு சிலிண்டர் மிச்சமாகும் என்பது. அந்த மூன்றை இப்போது அரசாங்கமே கொடுக்கிறது. வெயிலில் மாடியேறி இறங்கி மிச்சம் பிடிக்க வேண்டியதை ரேஷன் அட்டை மிச்சம் பிடித்துத் தருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. புகையில் நின்ற பெண்களுக்குக் காஸ் வந்தது பெரிய விஷயம். ஆனால் சூரிய அடுப்புக்கு ஏற்ற இடங்களின் பட்டியலில் ஆந்திர எல்லை ஒரு படி கீழே இறங்கியதற்கு மேகம் காரணமில்லை.

அதே பக்கத்து வெயில், வேறு கதை

அக்கா வீட்டில் தூங்கிய அதே வெயிலை வைத்துத் திருமலையில் வேறு மாதிரி காரியம் நடந்தது. 2002இல் தேவஸ்தானத்தின் அன்னதானச் சமையலுக்காக, வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும் ஷெஃப்லர் தட்டுகள் 106 நிறுவினார்கள். ஒவ்வொன்றும் 9 சதுர மீட்டருக்கு மேல். நாளொன்றுக்கு 4,000 கிலோ நீராவி, 15,000 பேருக்குச் சாப்பாடு, ஆண்டுக்குச் சுமார் 1,18,000 லிட்டர் டீசல் மிச்சம் என்பது திட்டத்தின் கணக்கு. நீராவி 180 டிகிரியில் வந்தது. ஏற்கனவே இருந்த கொதிகலனோடு இதையும் இணைத்துவிட்டார்கள், மேகம் வந்தால் டீசல் கைகொடுத்தது. சமையல்காரருக்கு மேலே வெயிலா மழையா என்று தெரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குழாயில் நீராவி வந்தது, அண்டாவில் அரிசி வெந்தது.

இந்தத் தட்டை வடிவமைத்தவர் வோல்ஃப்காங் ஷெஃப்லர். முதல் தட்டு 1986இல் கென்யாவில் வேலை செய்தது. இதன் தந்திரம் என்னவென்றால், சூரியன் நகர்ந்தாலும் ஒளி குவியும் புள்ளி நகராது. தட்டுதான் கடிகாரம் போலத் திரும்பிக்கொண்டே இருக்கும். அதனால் அடுப்பைச் சுவருக்கு உள்ளே, நிழலில் வைத்துக்கொள்ளலாம். 1950களில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் கொண்டுவந்த தட்டு அடுப்பு எடுபடாமல் போனதற்கு, சமைப்பவரும் வெயிலில் உட்கார்ந்து திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். மே மாதத்து வெயிலில் யார் உட்காருவார்கள்?

திருமலையில் நாள் முழுக்கப் பந்தி நடக்கிறது. பதினோரு மணிக்கு வெந்தாலும் இலை காத்திருக்கிறது, இரண்டு மணிக்கு வெந்தாலும் காத்திருக்கிறது. வருஷத்தில் விடுமுறை கிடையாது. ராஜஸ்தானின் அபு ரோடு பிரம்ம குமாரிகள் வளாகத்தில் 1999இல் வந்த 84 தட்டுகள், ஷீரடியில் 2009இல் வந்த 73 தட்டுகள் எல்லாமே இதே வகை இடங்கள். ஆரோவில்லின் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம் மதியச் சாப்பாட்டை மையமாக வைத்து ஓடும் பொதுச் சமையலறைக்காகக் கட்டப்பட்டது. பெரிய சமையல், பகல் சாப்பாடு, சம்பளத்துக்குப் பராமரிக்க ஆள். மூன்றும் சேர்ந்த இடத்தில் வெயில் வேலை செய்கிறது.

வீடுகளிலேயே நடந்த கதையும் ஆந்திராவில் உண்டு. திருப்பதியிலிருந்து வடமேற்கே சுமார் 125 கிலோமீட்டரில் பைசானிவாரிபள்ளி என்ற பட்டு வளர்க்கும் கிராமம். 2004இல் இன்டர்சோல் என்ற ஆஸ்திரியத் தொண்டு நிறுவனத்தின் உதவியோடு ஊர் முழுக்கத் தட்டு அடுப்பு வந்தது. எஸ்.கே. 14 என்ற வகை, 1.4 மீட்டர் விட்டம், சுமார் 600 வாட் பலம். நம் பெட்டியைப் போலப் பத்து மடங்குக்கு மேல். மூன்று லிட்டர் தண்ணீர் அரை மணிக்குள் கொதிக்கும். தாளிக்கலாம், பொரிக்கலாம். கண் கூசும், குழந்தைகளைக் குவியத்தின் பக்கம் விடக் கூடாது, வேலை முடிந்ததும் சூரியனைப் பார்க்காமல் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் வைக்கோல் பற்றிக்கொள்ளும். அதெல்லாம் பழகிவிடும்.

ஊரே மாறியது எப்படி என்பதற்கு வழக்கமாகச் சொல்வது விறகுப் பஞ்சம். சரிதான். எனக்குத் தோன்றுவது இன்னொன்றும்: பட்டுப்புழு வளர்ப்பவர் வீட்டை விட்டு எங்கே போவார்? நாளுக்குப் பல தடவை மல்பெரி இலை போட வேண்டும். பகல் முழுக்க வீட்டில் கை இருக்கிறது. அந்தக் கைதான் தட்டைத் திருப்பியிருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை

கேரளா என்றதும் மழை நினைவுக்கு வரும். மாநிலச் சராசரி ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டியது. ஆனால் கிழக்குச் சித்தூர்ப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரங்கள் அதைவிட மிகக் குறைவாக நனைகிற ஊர்கள். தமிழ் பேசும், பனையும் தென்னையும் நிற்கும், பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீருக்காகக் கண் பூத்திருக்கும் ஊர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகம் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும், வீசினால் சும்மா வீசாது.

அத்தையின் முதல் புகாரே காற்று. "வெயிலு இருக்குது கண்ணு, காத்து விட்டாத்தான? கண்ணாடிய ஒரே தட்டா தட்டிச் சாத்தீருது." அவளே வழி கண்டுபிடித்தாள். தொழுவத்தின் மேற்குச் சுவரோரம் பெட்டியை வைத்தால் கிழக்குக் காற்று படாது. உச்சி வெயிலும் அதற்குப் பிந்தியதும் முழுசாக விழும். கண்ணாடியைத் தேங்காய்க் கயிற்றால் ஒரு கல்லோடு கட்டிவிட்டாள். காற்று தணிந்ததும் பெட்டிக்குள் சூடும் நன்றாக நின்றது. காற்று கண்ணாடியின் மேல் ஓடும்போது சூட்டை அள்ளிக்கொண்டு போகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை.

அத்தைக்குக் கறவை மாடுகள். விடியற்காலை கறந்து சொசைட்டிக்குப் பால் அனுப்பிவிட்டால் அடுத்த கறவை மதியத்துக்கு மேல். நடுவில் புல் அறுப்பது, தொழுவம் கழுவுவது, சாணி அள்ளுவது. வீட்டைச் சுற்றியேதான் இருப்பாள், ஆனால் அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாது. பத்து மணிக்கு அரிசியும் பருப்பும் வைத்துவிட்டுப் போவாள், போகிற வருகிற வழியில் பெட்டியைக் கொஞ்சம் திருப்பிவிடுவாள், பன்னிரண்டரைக்கு எடுப்பாள். அவள் வீட்டுச் சூரியனும் வயிறும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வந்தன.

அதைவிட, அவள் பெட்டியை அதிகம் பயன்படுத்தியது மனிதர்களுக்கு இல்லை. மாடுகளுக்கு! நொய்யும் தவிடும் போட்ட கஞ்சி. முன்பெல்லாம் தென்னமட்டையும் பாளையும் வைத்துக் கொல்லையில் அடுப்பு மூட்டி ஒரு மணி நேரம் புகையில் நிற்பாள். மட்டை இலவசம்தான், புகையும் நேரமும் இலவசம் இல்லை. இப்போது மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் வெளியே வந்ததும் கஞ்சிப் பாத்திரம் உள்ளே போகிறது. மாடு மணி பார்க்காது. இரண்டேகாலுக்கு வெந்தாலும் மூன்றேகாலுக்கு வெந்தாலும் அதற்கு ஒன்றுதான். தாளிப்பு கேட்காது. கொஞ்சம் குழைந்தாலும் குறை சொல்லாது. (கஞ்சியை அளவோடு கொடுக்கச் சொல்லி மாட்டு டாக்டர் சொன்னதை அத்தை பாதிதான் கேட்கிறாள், அது தனி வழக்கு.)

இது அத்தை மட்டும் கண்டுபிடித்ததில்லை. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம், காஸ்ரி, கால்நடைத் தீவனத்துக்கென்றே ஒரு சூரிய அடுப்பை வடிவமைத்தது. களிமண், கம்பு உமி, சாணம் கொண்டு ஊரிலேயே கட்டக்கூடியது.  சூரிய அடுப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சமையலறைக்குள் நுழையப் பிடிவாதம் பிடிக்காமல் தொழுவத்தில் போய் உட்கார்ந்துகொண்ட அடுப்பு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அதற்கும் பாலக்காட்டில் ஏற்கனவே ஒரு பதில் இருந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் பல வருஷமாகப் பரப்பிய சூடாறாப்பெட்டி. சூடு தப்பாமல் பஞ்சோ தெர்மோகோலோ அடைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். கொதி வந்த அரிசியை அடுப்பிலிருந்து இறக்கி அதற்குள் வைத்து மூடினால் மீதி வேக்காடு தன்னால் நடக்கும். நெடுநேரம் வேக வேண்டிய மட்டை அரிசிக்கு இதைவிடத் தோதான சாதனம் கிடையாது. பரிஷத்தின் புகையில்லா அடுப்பும் அந்தக் காலத்தில் பெயர் பெற்றது. அதன் ஊரகத் தொழில்நுட்ப மையமான ஐ.ஆர்.டி.சி. இதே பாலக்காடு மாவட்டத்து முண்டூரில்தான் இருக்கிறது. அத்தை மூன்று மணிக்குச் சூரியப் பெட்டியிலிருந்து குழம்புப் பாத்திரத்தை எடுத்து நேராகச் சூடாறாப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். ஏழரைக்கு எடுத்தாலும் பாத்திரத்தில் கை வைக்க முடியாது. ஜூன், ஜூலையில் சூரியப் பெட்டி பரணுக்குப் போகும், சூடாறாப்பெட்டி மட்டும் காஸோடு கூட்டுச் சேர்ந்து ஓடும்.

ஒரு பெட்டி வெயிலைச் சேர்க்கிறது, இன்னொன்று நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. நகரி அக்காவுக்கு இதைச் சொன்னேன். "ராத்திரி வச்சது காலைக்கு நிக்குமா?" என்றாள். நிற்காது. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் வெதுவெதுப்புக்கு இறங்கிவிடும், அந்தச் சூட்டில்தான் சாப்பாடு சீக்கிரம் கெடும். அவள் கணக்கு சரி.

வெளியே போய்ப் பார்த்தால்

இந்த இரண்டு வீட்டையும் மனதில் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்தால், வெயில் வரைபடம் சொல்லாத ஒழுங்கு ஒன்று தெரிகிறது.

உலகிலேயே அதிகமாகச் சூரிய அடுப்பு பயன்படுத்தும் நாடு சீனா. 20 லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி கான்சு, சிங்ஹாய், திபெத் மேட்டுநிலத்தில். மரம் கிடையாது, எரிக்க யாக் சாணம். தட்டில் அவர்கள் முக்கால்வாசி செய்வது தண்ணீர் கொதிக்க வைப்பது. கொதித்ததை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்து, நாள் முழுக்கத் தேநீர். லாசா உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதும் ஒரு சலுகை. அங்கே ஃபிளாஸ்க் என்றால் நம் பாலக்காட்டில் சூடாறாப்பெட்டி. கொதிநீருக்கு எந்த நேரமும் நல்ல நேரம்தான்.

சாட் நாட்டின் இரிடிமி முகாமில் சூடானின் டார்ஃபூரிலிருந்து வந்த அகதிகளுக்கு 2006இலிருந்து அட்டையும் அலுமினியத் தாளும் கொண்டு மடித்த எளிய அடுப்புகள் பரவின. கறுப்புப் பாத்திரத்தை வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு நடுவில் வைப்பது, அவ்வளவுதான். பலம் நம் பெட்டியைவிடக் குறைவு. ஆனால் அங்கே விறகு பொறுக்க முகாமுக்கு வெளியே போன பெண்கள் தாக்கப்பட்டார்கள். விறகின் விலை ரூபாயில் இல்லை. பகலெல்லாம் முகாமில்தான் இருக்க வேண்டும் என்பதும் சோகமான ஒரு வசதி.

அட்டகாமாவின் உச்ச வெயில் விழும் பெரும்பகுதியில் குடியிருப்பே இல்லை. அதற்குத் தெற்கே எல்கி பள்ளத்தாக்கில் வில்லாசெக்கா என்ற சிற்றூரில் சூரிய அடுப்பில் சமைத்துப் பரிமாறும் உணவகங்கள் நடக்கின்றன. வருகிற பயணிகள் வெயிலைப் பார்க்கவே வருகிறார்கள், மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், காத்திருப்பதையும் ரசிக்கிறார்கள். இப்படி ஒரு வாடிக்கையாளர் நகரி அக்கா வீட்டில் கிடையாது.

இந்தியாவுக்கு வாய்ப்பு மிக அதிகம் என்று சர்வதேசப் பட்டியல்கள் சொல்வது வெயில், விறகுத் தட்டுப்பாடு, ஜனத்தொகை மூன்றையும் பெருக்கிப் பார்ப்பதால். அந்தக் கணக்கில் தப்பில்லை, ஆனால் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கட்டம் அதில் இல்லை.

வெயில் கூரைக்கு ஏறியபோது

இதற்குள் வெயில் வேறு வழியாகச் சமையலறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஒரு கிலோவாட் சோலார் பேனல் நம் பக்கம் நாளுக்கு நாலு யூனிட் மின்சாரம் தரும். சின்னக் குடும்பத்தின் ஒருவேளைச் சாதம், குழம்புக்கு இண்டக்‌ஷனில் அரை யூனிட் சொச்சம்தான் ஆகும். பகலில் மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு விடியற்காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்பதால் அக்காவின் ஏழு மணிச் சிக்கல் தீர்கிறது. இந்தியன் ஆயில் 2022இல் அறிமுகப்படுத்திய சூர்யா நூதன் அடுப்பும் இந்த வழிதான்: பேனல் வெளியே, அடுப்பு உள்ளே, வெயில் இல்லாத நேரத்துக்கு வீட்டு மின்சாரம். செலவு பெட்டியைப் போலப் பல மடங்கு. அக்கா வீட்டில் பேனல் போடுவதைப் பற்றி இப்போது பேச்சு நடக்கிறது, பெட்டியைப் பற்றி இல்லை.

எல்லையோரத்தில் நேரடி வெயில் சமையலுக்கு மிச்சமிருக்கும் நல்ல இடங்கள் என்று நான் கருதுவது இரண்டு. ஒன்று அத்தையைப் போன்ற மாட்டுக்காரர் வீடுகள், அதுவும் காஸ்ரி பாணி மண் அடுப்பு. சித்தூர் தாலுகாவின் களிமண்ணுக்கும் சாணத்துக்கும் பஞ்சமா?

மற்றது நூறு இருநூறு பேருக்கு மதியம் சமைக்கும் இடங்கள். முதலில் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். சமையல் ஆயா காலையில் வந்து பன்னிரண்டரைக்குள் முடிக்கிறார், சூரியனின் நேரத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. 10 சதுர மீட்டர் ஷெஃப்லர் தட்டு ஒன்று நல்ல வெயிலில் 2 முதல் 3 கிலோவாட் தரும். 60 பிள்ளைகளுக்கான 8 கிலோ அரிசியும் அதற்கான தண்ணீரும் ஒரு மணி நேரத்தை ஒட்டிக் கொதிக்கும். ஆனால் வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஆந்திரப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கும். பாலக்காட்டில் மே முடிந்து பள்ளி திறக்கிற அன்றே மழையும் வரும். ஆளில்லாத வளாகத்தில் திருப்பி வைக்காத தட்டு கோடை முழுக்க வெயிலைக் குவித்துக்கொண்டு நிற்பது ஆபத்தும்கூட.

அதனால் நான் கோயில் அன்னதானக் கூடங்களைத்தான் முதலில் வைப்பேன். காணிப்பாக்கம், ஸ்ரீகாளஹஸ்தி மாதிரிப் பெரிய கோயில்கள் மட்டுமில்லை. தினமும் மதியம் இலை போடும் நடுத்தரக் கோயில்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. 365 நாளும் மதியச் சாப்பாடு, சமைக்க நிரந்தர ஆள், மழை நாளுக்குக் காஸ் ஏற்கனவே இருக்கிறது. தட்டு வாங்க நன்கொடையாளர் கிடைப்பார். கல்வெட்டில் பெயர் வரும் என்றால் சீக்கிரமே கிடைப்பார். கண்ணாடித் துண்டுகளை வாரம் ஒருமுறை துடைத்து, பருவத்துக்குத் தக்கபடி தட்டின் வளைவைச் சரிசெய்து, தினம் காலையில் சூரியனைப் பிடித்துக் கொடுக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் நன்கொடை வருவது கஷ்டம். அந்தச் சம்பளத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் தட்டுக்கு விலை கேட்கலாம்.